ஆம்பைக் கழற்றும் முன் அந்த நீல ஒயரைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் கடலூர் மஞ்சக்குப்பம். போன வருடம் பாண்டியில் ஒரு பழைய செடான் வாங்கினேன். கம்பெனியே ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) வைத்துக் கொடுத்த மாடல், ஆம்ப் டிக்கியில் ஓரமாக இருக்கிறது. பழைய மியூசிக் செட்டில் ப்ளூடூத் இல்லையென்று ஒரு கடையில் 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட் மாட்டினேன். எஃப்எம் போட்டால் அருமையாகப் பாடுகிறது. ப்ளூடூத்துக்கோ பென்டிரைவுக்கோ மாற்றினால் ஊமை. திரையில் மட்டும் பாட்டு ஓடுகிறது. கடைக்காரர், "கம்பெனி ஆம்ப் போயிடுச்சு, எடுத்துப் போட்டுட்டு ஸ்பீக்கருக்கு நேரா ஒயர் இழுத்துடலாம்" என்கிறார். எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. செத்துப்போன ஆம்ப் எஃப்எம்முக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்து பாடாது. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது, கடைக்காரர்தான் கவனிக்கவில்லை.

ஆம்புக்கு நீங்கள் போட்டு அணைக்கிற மாதிரி தனி ஸ்விட்ச் கிடையாது. செட் ஆன் ஆனதும் ஒரு சின்ன ஒயர் வழியாக 12 வோல்ட் அனுப்பி அதை எழுப்பும். கடைகளில் ரிமோட் ஒயர் என்பார்கள். புது செட்டின் பின்னால் இப்படி இரண்டு ஒயர் இருக்கும். முழு நீலமாக இருப்பது ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்புக்கு. ரேடியோ போட்டால் தானாக மேலே எழும்பும் ஆன்டெனா இருந்த காலத்துப் பழக்கம் இது, அதனால் பல செட்டுகளில் முழு நீல ஒயரில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் கரண்ட் வரும். உங்கள் கடைக்காரர் அதைக் கொண்டுபோய் ஆம்பில் கொடுத்திருக்கிறார் என்பது என் கணிப்பு. எஃப்எம்மில் ஆம்ப் விழிக்கிறது, ப்ளூடூத்துக்கு மாற்றியதும் தூங்கிவிடுகிறது. மலிவு செட்டுகளில் நிறத்தை நம்ப வேண்டாம், ஒயர் மேல் சுற்றியிருக்கும் ஸ்டிக்கரில் ஆன்டெனா, ஆம்ப் என்று தனித்தனியாக எழுதியிருக்கும், அதைப் படியுங்கள்.

சோதிப்பது ஐந்து நிமிட வேலை. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நல்ல எர்த்தில், அதாவது பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் கொடுத்து, சிவப்பு முனையை ஆம்புக்குப் போகும் ரிமோட் ஒயரில் வையுங்கள். எஃப்எம்மில் 12 வோல்ட் காட்டி ப்ளூடூத்தில் பூஜ்யம் காட்டினால் ஒயரை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. பல்ப் டெஸ்டரை வைத்துக் கண்ட ஒயரிலும் குத்த விடாதீர்கள். செட்டுக்குப் பின்னால் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் கப்ளரில் வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் ஒயரும் போகலாம்.

சரி, நேராக ஒயர் இழுத்தால்தான் என்ன? செட் அட்டையில் 50 வாட், நாலு சேனல் என்று போட்டிருப்பார்கள். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குள் சுத்தமாகத் தள்ள முடிவது சேனலுக்குச் சுமார் 20 வாட்தான், கணக்குப் போட்டாலே 26-ஐத் தாண்டாது. மீதி எல்லாம் அட்டைக்கு. அதைவிடப் பெரிய சிக்கல், ஆம்போடு வந்த வண்டிகளில் சிலவற்றின் ஸ்பீக்கர் 2 ஓம் இருக்கும். செட்டோ 4 ஓமுக்குச் செய்யப்பட்டது, சூடாகி அணைந்து அணைந்து எரியும். அப்புறம், எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும் பல வண்டிகளில் அந்த ஆம்ப்தான். அதை எடுத்துவிட்டால் பேஸ் முழுவதும் கீச்சு ஒலிக்கென்று இருக்கும் சின்ன ட்வீட்டருக்குள்ளும் போகும், அது எத்தனை நாள் தாங்கும்?

ரிமோட் ஒயரைச் சரிசெய்த பிறகு இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒலி எந்த வழியாக ஆம்புக்குப் போகிறது என்று. கம்பெனி ஆம்பில் சிலது மெல்லிய சிக்னலை எதிர்பார்க்கும், அதாவது செட்டின் பின்னால் இருக்கும் வட்டமான ஆர்சிஏ பின்னில் வருகிற 2 முதல் 4 வோல்ட் ரகம். சிலது ஸ்பீக்கர் ஒயரையே நேராக வாங்கிக்கொள்ளும், 20 வாட்டுக்கு அதில் 9 வோல்ட் வரை ஏறும். முதல் ரக ஆம்புக்கு இரண்டாவது ரகத்தைக் கொடுத்தால் வால்யூம் கொஞ்சம் ஏற்றியதுமே கரகரக்கும். அப்படி இருந்தால் இடையில் ஸ்பீக்கர் ஒயரின் வோல்ட்டை மெல்லிய சிக்னலாகக் குறைக்கும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் போட வேண்டும், அல்லது செட்டின் ஆர்சிஏவிலிருந்தே எடுக்க வேண்டும். உங்களுக்கு எஃப்எம் அருமையாகப் பாடுவதால் இது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், வால்யூம் ஏற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது ரகமும் ஒன்று உண்டு. பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற வண்டிகள் பலவற்றில் ஒலி ஒயரில் போகாது, மோஸ்ட் எனப்படும் ஒளி இழையில் வளையமாகப் போகும். செட்டைக் கழற்றினால் வளையமே அறுந்துவிடும், வெறும் ரிமோட் ஒயரால் அந்த ஆம்ப் எழாது, அதற்கென்று வரும் மாற்றுப்பெட்டி வேண்டும். உங்கள் வண்டி அது இல்லை, அப்படி இருந்தால் எஃப்எம்மும் பாடியிருக்காது.

செட்டின் ஸ்பீக்கர் நெகட்டிவ் ஒயர்களை பாடி எர்த்தோடு சேர்க்கவே கூடாது, நெகட்டிவ் என்று பெயர்தானே தவிர அதிலும் பாதி வோல்ட் நிற்கும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலை கற்ற புதிதில் என் மாமா வண்டியில் நான்கு நெகட்டிவையும் சேர்த்து முறுக்கி எர்த்தில் கொடுத்தேன். ஒரு பாட்டுகூட முடியவில்லை, உள்ளே இருந்த ஐசி புகைந்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்றுவரை தன் வண்டியின் பானெட்டை என் முன்னால் திறப்பதில்லை.

ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது கூடவே "ஊய்ங்" என்று ஏறும் சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டர் சத்தம் உள்ளே புகுகிறது என்று அர்த்தம், முதலில் எர்த்தைப் பாருங்கள். நம் கடலோர ஊர்களில் எர்த் போல்ட்டுக்கு அடியில் உப்புக்காற்று பச்சை பூக்க வைத்துவிடும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பாதி வண்டிகளில் சத்தம் நின்றுவிடும். கடைசியாக, கம்பெனிக் கப்ளரை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டாமல் உங்கள் மாடலுக்கு வரும் கப்ளரை வாங்கி மாட்டினால் நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய செட்டை அப்படியே திரும்பப் பொருத்தலாம். ஏற்கெனவே வெட்டி, டேப் சுற்றியிருந்தால் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் டேப் பசை இளகி வழிந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கிறேன் சார். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் காருக்குள் தண்ணீர் ஏறி, சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப் நனைந்தது. காய வைத்தபின் வேலை செய்தது, இப்போது ஒரு பக்கம் மட்டும் வருகிறது. புது செட் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது சார், செட்டுக்குக் காசைப் போடாதீர்கள். இடது, வலது சிக்னலை ஆம்ப் பக்கத்தில் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஊமைப் பக்கம் மாறாமல் அதே பக்கம் நின்றால் ஆம்பிலோ அதற்கு அப்பாலோதான் கோளாறு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆம்பைத் திறந்தால் போர்டில் பச்சை படிந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். போர்டில் உள்ள செம்புத் தடமே அரித்துப் போயிருந்தால் அதே மாடல் ஆம்ப் செகண்ட் ஹேண்டில் தேடுவதுதான் வழி. கப்ளர் பின்களையும் கழுவ மறக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது ஒயர் எட்டினால் சீட்டுக்கு அடியில் வைக்காமல் கொஞ்சம் உயரமான இடத்தில் வையுங்கள், ரெயின்போ நகரில் அடுத்த மழைக்கும் தண்ணீர் வரும்.