பட்டைத் தூளை அன்றாடம் குடிக்கலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எனக்கு வயது 58, எடை 60 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பட்டைத் தூளில் ஆன்டிஆக்ஸிடன்ட் (உடலின் செல்களைச் சிதைவிலிருந்து காப்பதாகச் சொல்லப்படும் பொருள்) மிக அதிகம் என்று சொல்லி, வீடு தேடி வந்த ஒருவர் டப்பா ஒன்றை விற்றுவிட்டுப் போனார். காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குடிக்கச் சொன்னார். தொடரலாமா?”

அம்மா, இன்றோடு நிறுத்திவிடுங்கள். பட்டை கெடுதலான பொருள் என்பதற்காகச் சொல்லவில்லை. டப்பாவில் இருப்பது எந்த மரத்தின் பட்டை என்பது உங்களுக்குத் தெரியாது, விற்றவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது.

நம் கடைகளில் ‘பட்டை’ என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று இலங்கையிலும் கேரளத்திலும் விளையும் இலவங்கப்பட்டை. மற்றொன்று சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் காசியா. இரண்டும் ஒரே இனத்து மரங்கள்; விற்றவர் பெருமையாகச் சொன்ன புரோஆந்தோசயனிடின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள் இரண்டிலுமே உண்டு. வேறுபாடு கூமரின் என்ற பொருளில்தான் இருக்கிறது. இலவங்கப்பட்டையில் அது மிக மிகக் குறைவு; காசியாவிலோ ஒரு கிராமுக்குச் சில மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். நாள்தோறும் உட்கொள்வதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது உங்களுக்கு 6 மில்லிகிராம். காசியாத் தூள் 2 கிராமே அந்த வரம்பைத் தொட்டுவிடலாம் என்னும்போது, இரண்டு தேக்கரண்டியில் ஏறத்தாழ 5 கிராம் உள்ளே போகிறது. கூமரினுக்கு எளிதில் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இது கல்லீரலைத் தாக்கக்கூடும். கூமரின் வெந்நீரில் கரையும் என்பதால், தூளை வடிகட்டிக் கஷாயமாகக் குடித்தாலும் தப்ப முடியாது.

‘ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் இவ்வளவு’ என்று ஒரு எண்ணைக் காட்டி விற்பவர்களை நம்பவே வேண்டாம். அந்த எண் சோதனைக் குழாயில் அளந்தது. பட்டையிலுள்ள பெரிய மூலக்கூறுகளில் மிகச் சிறிய பங்கே குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகிறது. இத்தகைய எண்களைத் தொகுத்து வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே, அவை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுவதைக் கண்டு, 2012இல் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் டப்பாக்களின் மேல் அந்த எண்கள் இன்னும் உலவுகின்றன.

பட்டை வேண்டுமென்றால் மதுரைக் கீழமாசி வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, முழுப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். இலவங்கப்பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் சுருட்டுபோல் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காசியா தடித்து, ஒற்றை அடுக்காய், மரத்துண்டுபோல் கடினமாக இருக்கும். தூளாக்கிவிட்டால் எனக்கே கண்ணால் பிரித்தறிய முடியாது. கலப்படக்காரர்களுக்குத் தூள் பிடித்திருப்பதன் காரணம் அதுதான். இரண்டையும் தனித்தனிப் பொருள்களாக வரையறுத்து நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி எழுதிவைத்திருக்கிறது. ஆனால் சில்லறையில் அள்ளிப் போடும் பட்டைக்கும், வாசலில் வந்து விற்கும் டப்பாவுக்கும் அந்த விதி எட்டுவதே இல்லை. எழுதியதோடு கடமை முடிந்தது என்று இருந்தால் வாங்குபவர் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் வீட்டில் யாருக்காவது இதய வால்வு மாற்றியிருந்தால் அவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவை கூமரின் வழி வந்த மருந்துகள் என்பதால், ‘பட்டையும் ரத்தத்தை இளக்கும், மாத்திரைக்குப் பதில் இதுவே போதும்’ என்று சிலர் சொல்லிவருகிறார்கள். இது பெரிய ஆபத்து. பட்டையில் இருக்கும் வெறும் கூமரினுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. ஒரு காலத்தில் கூமரின் உள்ள மாட்டுத் தீவனம் கெட்டுப்போய், பூஞ்சை அந்தக் கூமரினை வேறொரு பொருளாக மாற்றியபோதுதான் மாடுகள் ரத்தம் கசிந்து இறந்தன, அதை ஆராய்ந்த பிறகுதான் இந்த மருந்துகள் பிறந்தன. அதனால் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. அதே சமயம், அந்த மாத்திரையின் அளவைக் கல்லீரலின் இயக்கமும் தீர்மானிப்பதால், அவர்கள் பட்டைத் தூளைத் தொடவும் கூடாது.

குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் ஓரிரு துண்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ செய்யாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது டப்பாவைக் கையோடு கொண்டுபோய், எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதைச் சொல்லி, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை ஒன்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.