மூச்சு வாங்குவது சோம்பேறித்தனம் அல்ல

அன்புள்ள அக்கா,

ஜூன் கடைசியில் எனக்கு டெங்கி. பிளேட்லெட் மளமளவென்று இறங்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்தும் எம்சி (மருத்துவ விடுப்பு) முடியும்வரை படுக்கைதான், மொத்தம் மூன்று வாரம். அதற்கு முன் ஞாயிறுதோறும் 15 கிலோமீட்டர் ஓடுவேன். இப்போது ஆகஸ்ட், 2 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது, வாட்ச் இதயத்துடிப்பு 170 என்கிறது, மறுநாள் படியேற முடிவதில்லை. ஓட்டக் குழுவில் எல்லாரும் டிசம்பர் மராத்தானுக்குத் தயாராகிறார்கள், நானும் பணம் கட்டியிருக்கிறேன். "மனசு வச்சா முடியும்" என்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா, ஓட்டமே வேண்டாம், விட்டுவிடு என்கிறார். நான் சோம்பேறியாகிவிட்டேனா?

கே., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

இல்லை. உங்கள் மனசில் ஒரு குறையும் இல்லை. ரத்தத்திலும் இதயத்திலும் நடந்திருப்பதை மனசின்மேல் ஏற்றிப் பேசுகிறார்கள், அது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்து ஆராய்ந்தார்கள். காய்ச்சல் கிடையாது, கொசு கிடையாது, வெறும் படுக்கை. உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்கிற அளவு கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை, ஐம்பது வயதில், மறுபடி சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கைக்குப் பிறகு இருந்ததைவிட மோசமான நிலையில் ஒருவர்கூட இல்லை. முப்பது வருட வயது செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்திருக்கிறது! ஆனால் அதே ஆய்வில், படுக்கையிலிருந்து எழுந்த பையன்கள் இரண்டு மாதப் பயிற்சியில் பழைய நிலையைப் பிடித்து அதையும் தாண்டிப் போனார்கள். உங்களுக்குப் படுக்கையோடு டெங்கியும் சேர்ந்திருக்கிறது, அதனால் இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள். இழந்தது திரும்பி வரக்கூடியதுதான் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 170 எங்கிருந்து வருகிறது? படுத்த சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கும். ஒரு துடிப்பில் இதயம் அனுப்பும் ரத்தம் குறைந்தால், அதே வேகத்துக்கு அது அதிகமுறை துடித்தாக வேண்டும். இதில் நம் ஊர் வெக்கை வேறு. உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், வியர்வையோ காற்றின் ஈரத்தில் காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் குளிரூட்டிய அறையில் படுத்திருந்தால் வெயிலைத் தாங்கும் பழக்கமும் பாதி போய்விடும். டெங்கியின் அசதி காய்ச்சல் விட்டபிறகும் பல வாரம் நீடிப்பது சகஜம். எம்சி என்பது அலுவலகத்துக்குப் போகலாம் என்கிற தேதி, அவ்வளவுதான். ஓடலாம் என்று அதில் யாரும் எழுதித் தரவில்லை.

அதனால் அடுத்த ஓட்டத்துக்கு முன் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஓடப் போகிறேன் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டெங்கி சில சமயம் இதயத் தசையையும் பாதிக்கும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், படபடப்பு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மருத்துவர் சரி என்றால் நடையிலிருந்து தொடங்குங்கள். மறுநாள் அசதி இல்லாமல் அரைமணி நேரம் நடக்க முடிந்தபிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும், வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் படியேற முடிகிறதா என்பதுதான் உங்களுக்குச் சரியான அளவுகோல், முடியவில்லையென்றால் அடுத்தமுறை குறைத்துக்கொள்ளுங்கள். இடமும் முக்கியம். மெக்ரிட்சி காட்டுப் பாதையிலோ பழைய ரயில் பாதையிலோ தூரம் போய்விட்டால் முடியாதபோது திரும்ப வழியிருக்காது, இப்போதைக்கு ஈசூன் குளத்தோரமே போதும், எந்த நேரத்திலும் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கலாம்.

அப்புறம் ஒரு கட்டம் வரும், நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். சில வாரத்தில் மூச்சு சீராகிவிடும், பழைய வேகம் வந்துவிட்டது போலிருக்கும். ஆனால் தசைநாரும் எலும்பும் மூச்சைவிட மெதுவாகத்தான் பலப்படும். நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் குதிகால் வலியோடும் கணுக்கால் எலும்பு வலியோடும் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

டிசம்பரில் 42 கிலோமீட்டர் வேண்டாம் கே. கட்டிய பணத்துக்காக ஓடாதீர்கள். குறைந்த தூரத்துக்கு மாற்றித் தருவார்களா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்று நண்பர்களுக்குக் கைதட்டுங்கள். குழுவிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள்: ஞாயிறு வருவேன், நடப்பேன், பிறகு சேர்ந்து காப்பி குடிப்பேன். மனசு வைக்கச் சொன்னவர்களில் ஒருவராவது உங்களோடு நடக்கட்டும்.

அம்மாவின் பயம் நியாயமானது. மருத்துவர் சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், அவரைச் சமாதானப்படுத்தப் பொய் வேண்டாம்.

இன்னொன்று. டெங்கியில் நாலு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைதான் திரும்ப வராது, மற்றவை வரலாம், இரண்டாம் முறை கடுமையாகவும் ஆகலாம். ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பது காலையிலும் மாலை இருட்டும் முன்பும், அதாவது நாம் ஓடுகிற நேரத்தில். காலில் கொசுவிரட்டி பூசாமல் குளத்துப் பக்கம் போகாதீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா