கழற்றி மாட்டும் பாய்த்தோணி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாய்த்தோணிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாங்கள் நால்வர், பிள்ளைகளுக்கு 7 வயதும் 11 வயதும் ஆகின்றன. துடுப்புப் போட ஒன்று, பாய் விரித்துச் செல்ல ஒன்று என இரண்டு படகுகள் வாங்குவதைவிட, தோணி கவிழாமல் பக்கவாட்டில் தாங்கும் பக்க மிதவை, பாய்மரம், சுக்கான் ஆகியவற்றைத் தேவைக்கேற்ப மாட்டிக்கொள்ளும் ஒரே தோணி போதும் என்கிறார் என் மனைவி. பல வேலைகளுக்கு ஆகும் பொருள் எந்த வேலையையும் முழுமையாகச் செய்யாது என்பது என் ஐயம். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் ஐயத்தில் உண்மை உண்டு. பாய்க்கென்றே கட்டப்பட்ட படகு காற்றை எதிர்த்து முன்னேறுவதில் இந்தத் தோணியை எளிதில் விஞ்சும். இருந்தும் நான் உங்கள் மனைவியின் பக்கமே நிற்கிறேன். ஏனெனில் இவ்வகைத் தோணியில் எத்தனை உறுப்புகளைச் சேர்க்கலாம் என்பதைவிட, அன்றைய பயணத்துக்குத் தேவையில்லாத எவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம் என்பதே அதன் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். முதல் பருவம் முழுவதும் ஒவ்வொரு முறையும் எல்லா உறுப்புகளையும் சுமந்து சென்றோம். பாய்மரத்தை நிறுத்தி, மிதவைகளைப் பொருத்தி, கயிறுகளைச் சரிபார்த்து முடிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பிள்ளைகள் கரையிலேயே களைத்துப்போனார்கள். மறு பருவத்தில், காற்றில்லாத காலைகளில் வெறும் தோணியும் மூன்று துடுப்புகளும் மட்டுமே எங்களுடன் வந்தன. அந்த ஆண்டுதான் நாங்கள் அடிக்கடி நீரில் இறங்கிய ஆண்டு.

பிரித்துச் சேர்க்கும் கலம் புதிய எண்ணமும் அன்று. கட்டுமரம் என்ற பெயரே மரங்களைக் கட்டிச் சேர்ப்பதைச் சொல்கிறது. கடலிலிருந்து திரும்பியதும் மரங்களைப் பிரித்துக் கரையில் உலர்த்துவார்கள். நம் காலத்தில் நியூசிலாந்து வடிவமைப்பாளர் கேரி டியர்க்கிங் வரைந்த ஒட்டுப்பலகைத் தோணி ஒன்று, ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள துண்டுகளாகப் பிரிகிறது. இரு முனைத் துண்டுகளை மட்டும் இணைத்து முடுக்கினால் 16 அடித் தோணி. நடுத்துண்டையும் சேர்த்தால் 24 அடி. ஆட்கள் கூடும்போது தோணியும் நீள்கிறது.

உங்களைப் போன்ற குடும்பம் மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பு பக்க மிதவைதான். 4 சதுர மீட்டர் பாயின் மேல் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் காற்று மோதும்போது, அது பக்கவாட்டில் தரும் தள்ளுவிசை ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோ எடைக்குச் சமம். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகி 30 கிலோவை எட்டும். அதுவும் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் நின்று தள்ளும். ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள தோணியில் சிறுவர்களை வைத்துக்கொண்டு, உடலை மட்டும் சாய்த்து இதை ஈடுகட்ட இயலாது. ஆனால் 50 லிட்டர் கொள்ளளவுள்ள மிதவை முழுவதும் அமிழும் நிலையில் ஏறத்தாழ 50 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். தோணியின் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகி நிற்பதால் அந்த விசை கவிழ்க்கும் விசையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒற்றை மிதவை இலகுவானது, அழகானது. ஆனால் காற்று அந்த மிதவை இருக்கும் பக்கத்திலிருந்து வரும்போது, அதன் எடை மட்டுமே தோணியைப் பிடித்திருக்கும், பெரியவர் ஒருவர் மிதவையைத் தோணியோடு இணைக்கும் தண்டின் பக்கம் நகர்ந்து அமர வேண்டிவரும். ஆகவே சிறுவர்களோடு பாய் விரிப்பதாயின் இருபுறமும் மிதவைகள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீன் பார்க்கவும் நீந்தவும் போகும் நாட்களில், பாய் இல்லாமலும் அவற்றை மாட்டிக்கொள்ளுங்கள். சிறுவன் ஒருவன் விளிம்பில் சாய்ந்து நீரைத் தொட்டாலும் தோணி அதிகம் சாயாது.

தோணி பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் அடைப்பலகையும், காற்று ஏறினால் பாயைச் சுருக்கும் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். அடைப்பலகை இல்லாத பாய்த்தோணி காற்று தள்ளும் திசையில்தான் செல்லும். போவது எளிது, திரும்பி வருவது அரிது. அதனால் துடுப்புகளை எந்நாளும் கரையில் விட வேண்டாம். இணைப்புகளில் செருகும் ஊசிகள் சிறியவை, மணலில் தொலைபவை. ஒவ்வொன்றையும் மெல்லிய கயிற்றால் தோணியோடு கட்டிவையுங்கள்.

முதல் முறை பாய் விரிப்பதற்கு முன், இடுப்பளவு நீரில் தோணியை நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். நால்வரும் மிதவை அங்கி அணிந்திருக்க, அதை நிமிர்த்துவதையும், உள்ளே ஏறுவதையும், நீரை இறைப்பதையும் பிள்ளைகள் ஒரு முறையாவது செய்து பழக வேண்டும். மிதவைகள் பூட்டிய தோணி எளிதில் கவிழாது. கவிழ்ந்துவிட்டாலோ நிமிர்த்துவது வெறும் தோணியைவிடக் கடினம். இதை விற்பவர்கள் எப்போதும் சொல்வதில்லை.

அனைத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு தோணியும் துடுப்புகளும் போதும், அடுத்து மிதவைகள், பாய் கடைசியில் வரட்டும். அதற்குள் உங்கள் மூத்த பிள்ளை துடுப்பால் திசை திருப்பக் கற்றிருக்கும், சுக்கானை அதன் கையில் தரலாம். ஆனால் பின்னால் வாங்கப்போகும் உறுப்புகள் பொருந்துவதற்கான இணைப்பிடங்கள் தோணியில் இப்போதே இருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்குமுன் முழுத் தோணியையும் கரையில் வைத்துப் பிள்ளைகளின் உதவியோடு நீங்களே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். இரண்டாவது முயற்சியிலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் வேறொன்றைத் தேடுவது நல்லது.

அன்புடன்.