என்கவுன்டருக்குக் கைதட்டலாமா? ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: திரையில் பாலியல் குற்றவாளி சுடப்படும்போது நானும் கைதட்டியிருக்கிறேன். அது தவறா?

பதில்: பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக எழும் அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் குற்றம் செய்தவன் யார் என்பதை நாம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறோம். வாழ்க்கையிலோ, காவல்துறை ஒருவரைக் காட்டி "இவன்தான்" என்று சொல்வதை மட்டுமே கேட்கிறோம். அந்தச் சொல் உண்மையா என்று சோதிப்பதற்காகவே விசாரணை என்ற ஒன்று இருக்கிறது.

கேள்வி: 2019இல் ஹைதராபாத் காவலர்கள் மீது மக்கள் பூத்தூவினார்களே, அத்தனை பேருமா தவறாக நினைத்தார்கள்?

பதில்: கால்நடை மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்யப்பட்டு எரிக்கப்பட்ட வழக்கில் கைதான நால்வர், டிசம்பர் 6 அதிகாலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பறித்துத் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அந்தக் கூற்றை ஏற்கவில்லை. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்று முடிவு செய்து, பத்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றத்துக்கு விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. கொல்லப்பட்டவர்களில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கூறியது. இந்த அறிக்கை வெளியான 2022க்குள் பூக்கள் தூவிய கைகள் வேறு செய்திகளுக்குப் போய்விட்டன என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. உண்மையில் அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. அந்த மருத்துவரின் குடும்பத்துக்கும் அந்தத் தீர்ப்பு கிடைக்காமலே போயிற்று.

கேள்வி: வழக்குகள் இழுத்தடிக்கப்படுவதால்தானே மக்கள் இப்படி நினைக்கிறார்கள்?

பதில்: ஆம், அந்தக் குறை உண்மையானது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை (நிர்பயா) வழக்கில் தூக்குத் தண்டனை நிறைவேறியது 2020 மார்ச்சில்தான். ஆனால் அதே வழக்கில் விரைவு நீதிமன்றம் ஒன்பதே மாதங்களில் தீர்ப்பளித்துவிட்டது. எஞ்சிய காலம் மேல்முறையீடுகளிலும் மனுக்களிலும் கழிந்தது. கூடுதல் நீதிபதிகளும் தடய அறிவியல் கூடங்களும் கேட்டு நாம் தெருவில் இறங்கியதுண்டா?

கேள்வி: காவலர் சுடவே கூடாதா?

பதில்: உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்பு உரிமை அவருக்கும் உண்டு. உயிர்ப்பலி நேர்ந்தால் வழக்குப் பதிவும், சுட்ட காவலர் குழுவைச் சாராதவர்களின் புலனாய்வும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணையும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்தது. சம்பவம் நடந்த கையோடு வீரப்பதக்கமோ முறைமீறிய பதவி உயர்வோ தரக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. பதக்கம் குத்தும் காட்சியோடு முடியும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதி நினைவுக்கு வரும்.

கேள்வி: இதற்கெல்லாம் சினிமாவா பொறுப்பு?

பதில்: முழுப் பொறுப்பு அல்ல, லத்தியை எடுத்தவர்தான் முதல் பொறுப்பாளி. எனினும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, காவல்துறையைப் பெருமைப்படுத்திப் படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி வெளிப்படையாகவே அறிவித்தார். அதை நான் மதிக்கிறேன். அடிக்கிற கையைத் திரையில் நாம் கொண்டாடும்போது, அது கொடியவனை மட்டுமே அடிக்கும் என்று நம்பிக்கொள்கிறோம். சாத்தான்குளத்தில் அந்த இருவர் மீது சொல்லப்பட்ட குற்றமோ, ஊரடங்கின்போது கடையை நேரம் கடந்தும் திறந்து வைத்திருந்தார்கள் என்பது.