ஒரு சொல்லை மாற்றினால் போதாதா?

அன்புள்ள ஐயா,

சிறப்புத் திருமணச் சட்டத்தில் 'கணவன்', 'மனைவி' என்று வரும் இடங்களை 'துணைவர்' என்று படித்துக்கொண்டால் ஒரேபாலினத் திருமணம் செல்லுபடியாகிவிடும் என்றுதானே மனுதாரர்கள் கேட்டார்கள்? 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்ததே. அங்கே முடிந்தது 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஏன் முடியவில்லை?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

மதுரையில் இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. மணமகளின் இடத்தில் திருநங்கை வந்து நின்றாலும் மணமகன் ஒருவர், மணமகள் ஒருவர் என்ற கணக்கு கலையவில்லை. ஆண்-பெண் இணையாக வாழும் திருநர் இன்றைய சட்டத்திலேயே மணக்கலாம் என்று 2023 தீர்ப்பும் சொல்கிறது.

இனி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் புரட்டுங்கள். வயது, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. இரு ஆண்கள் என்றால் 21, இரு பெண்கள் என்றால் 18 என்றது மனுதாரர் தரப்பு, அது சுலபம். முதல் அட்டவணையில் ஆண் மணக்கக்கூடாத பெண் உறவுகள் 37, பெண் மணக்கக்கூடாத ஆண் உறவுகள் 37. அண்ணன்-தம்பி அதில் இல்லை, புதிதாக எழுத வேண்டும். 36, 37ஆம் பிரிவுகளின் ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும். இரு பெண்களில் மனைவி யார்? இருவருமே என்றால், இரு ஆண்களுக்கு ஜீவனாம்சமே கிடையாதா?

பெரிய சிக்கு வாரிசுரிமையில். இருவரும் இந்துக்கள் என்றால் 21ஏ பிரிவு அவர்களை இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு அனுப்பிவிடுகிறது. அதன் 15ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல், பிள்ளையில்லாமல் இறக்கும் மனைவியின் சுயசம்பாத்தியம் கணவனுக்கு. அவனும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. பெற்றவர்கள் அதற்கும் பின்னால்தான். (ஆண்-பெண் திருமணத்திலேயே இது அநியாயம் என்பது வேறு பேச்சு.) இரு பெண்களின் இணையில் 'கணவனின் வாரிசுகள்' எவர்? இதை நீதிபதிகள் எழுதினால் அது வியாக்கியானம் ஆகாது, புதுச் சட்டம். 2023 தீர்ப்பை எழுதிய அமர்வின் ஐந்து நீதிபதிகளும் இதில் ஒருமித்தார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

ஆனால் இந்தக் காரணம் தத்தெடுப்புக்குப் பொருந்தாது. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறையின் 5(3), இணையராகத் தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிறது. அங்கே உண்மையிலேயே ஒரு சொல் போதும். அந்தக் கோரிக்கையும் அதே அமர்வில் 3-2 என்று தோற்றது. இணையராகத் தத்தெடுக்க அனுமதிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சந்திரசூட்டும் கவுலும் நின்ற பக்கமே சரி என்பேன். தனி நபர் தத்தெடுக்கத் தடையில்லை என்பதால் குழந்தை வீட்டுக்கு வரும். காகிதத்தில் பெற்றோர் ஒருவர்தான். அவர் இறந்தால் வளர்த்த மற்றவர் பாதுகாவலர் உரிமை கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒரேபாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதை நம்பிப் பலர் உயில் எழுதாமல் விடுகிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. உயில் இல்லையென்றால் பணம் கேட்டு ரத்த உறவு வரும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். துணையையே சாட்சியாகப் போடாதீர்கள். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பது அந்தக் கையெழுத்தில்தான்.