அடகு நகையில் ஓடும் கான்டெசா

கேள்வி: அப்பச்சி வாங்கிய 1990-ம் வருஷத்துக் கான்டெசா, கானாடுகாத்தானில் ஆறு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பொதுவான எங்கள் பெரிய வீட்டில் நிற்கிறது. வருஷத்தில் பத்து நாள் ஓடினால் அதிகம். செலவு முழுக்க என்னுடையது. மூன்று கோடையாக ஏசி சரியில்லை. காஸ் அடித்தால் இரண்டு மாதம் குளிர்கிறது, அப்புறம் வெறும் காற்று. எல்லாவற்றையும் மாற்ற 90,000 ரூபாய் ஆகும் என்கிறார் மதுரை மெக்கானிக். மச்சானோ மொத்தமாகக் கழற்றிப் போடச் சொல்கிறார். தை மாதம் அண்ணன் மகன் கல்யாணம்; மாப்பிள்ளை அழைப்புக்கு ஏசியோடு கார் வேண்டுமாம். பிறகு ஓட்டலுக்கு வாடகைக்கு விட்டால் போட்ட காசு வந்துவிடும், வின்டேஜ் கார் நல்ல முதலீடு என்கிறான். முன்பு பெயின்ட், சீட் வேலைக்கு மனைவியின் ஆறு பவுனை வைத்து வாங்கிய 1,60,000-க்கு மூன்று வருஷமாக ஒன்றரை வட்டி கட்டுகிறேன். இப்போது அதே நகைக்கு மேல்கடன் தருகிறார்கள். வாங்கலாமா? வங்கியில் 7 சதவீதத்தில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை.

பதில்: மேல்கடன் வேண்டாம். ஏசிக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த ஆறு பவுனைப் பார்ப்போம்.

ஒன்றரை வட்டி என்றால் மாதம் 2,400, வருஷம் 28,800. மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 86,000 கட்டியிருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. மெக்கானிக் கேட்கும் தொகை கிட்டத்தட்ட முழுசாக அடகுக் கடைக்குப் போய்விட்டது. இன்னும் 90,000 வாங்கினால் வட்டி வருஷத்துக்கு 45,000. பத்து நாள் ஓடும் காருக்கு, வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் வட்டி மட்டும் 4,500. பெட்ரோல் தனி. பங்காளி வீட்டில் விசேஷம் வரும்போதெல்லாம் உங்கள் வீட்டு நகை பெட்டியை விட்டுக் கிளம்புகிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் ஏசியைப் பேசிப் பயனில்லை.

நகைக்கு 18 சதவீதம் கட்டிக்கொண்டு, சொந்தப் பணத்தை 7 சதவீதத்தில் போட்டு வைத்திருக்கிறீர்கள். 1,60,000-க்கு டெபாசிட் தருவது 11,200. கடன் பிடுங்குவது 28,800. வருஷத்துக்கு 17,600 வீண். டெபாசிட்டை உடைத்து நகையை மீட்டுவிடுங்கள். முன்கூட்டி உடைப்பதற்கு வங்கி வட்டியில் கொஞ்சம் குறைக்கும், பரவாயில்லை. மிச்சம் 1,40,000 அவசரத்துக்கு இருக்கட்டும். கட்டிப் பழகிய அதே 2,400-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால், எடுத்த தொகை ஐந்து வருஷத்துக்குள் திரும்பிவிடும்.

சரி, ஏசி. அந்தக் காலத்துக் கார் ஏசி ஆர்-12 காஸுக்காகச் செய்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அதைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ பழைய கம்ப்ரசர் எண்ணெயோடு கலக்காது; பழைய ரப்பர் ஹோஸ் வழியாகவும் கசியும். கசிவைத் தேடாமல் கோடைக்குக் கோடை காஸ் அடித்தது காசைக் காற்றில் விட்ட கதை. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் கசிவு. கம்ப்ரசர் நன்றாக இருந்தால் ஹோஸ், ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எண்ணெய் மாற்றுவதோடு முடியலாம். அப்போது 90,000 பாதிக்கும் கீழே இறங்கும்.

இதையும் தைக்கு முன் செய்ய வேண்டாம். தை மாதக் குளிரில், ஊர்வலத்தில் ஊரே மாப்பிள்ளையைப் பார்க்கக் கண்ணாடியை இறக்கித்தான் வைக்கப் போகிறார்கள். நடை வேகத்தில் போகும் பழைய இன்ஜினில் ஏசியையும் போட்டால், டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், மாப்பிள்ளை இறங்கி நிற்க வேண்டியதுதான். மச்சான் சொல்வது போல மொத்தமாகக் கழற்றவும் வேண்டாம். கழற்றிய சாமான் கைக்குத் திரும்ப வராது. கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டு, திறந்த ஹோஸ் முனை இருந்தால் ஈரம் புகாமல் மூடி வையுங்கள்.

முதலீட்டுப் பேச்சு ரீல்ஸில் பார்க்க நன்றாக இருக்கும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் ஆனால்தான் வின்டேஜ் பதிவு. உங்கள் கார் 2040 வரை காத்திருக்க வேண்டும், அப்போதும் வாடகைக்கு ஓட்ட முடியாது. இப்போது வெள்ளை போர்டில், அதாவது சொந்த உபயோகப் பதிவில், வாடகைக்கு விட்டு விபத்தானால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம்.

அண்ணன் வீட்டுக்கு ஏசி அவசியம் என்றால் செலவிலும் பங்கு வேண்டும். கோயிலுக்கும் முன்னோர் படைப்புக்கும் புள்ளிக் கணக்கில் போடுவது போலக் காருக்கும் வருஷம் புள்ளிக்கு 5,000 கேளுங்கள். ஆறு புள்ளிக்கு 30,000. பராமரிப்பும் நடக்கும், ஏசிக்கும் சேரும். கல்யாணப் பேச்சு சூடாக இருக்கும் இப்போதே கேட்டுவிடுங்கள், தாலி ஏறிய பிறகு யாரும் தரமாட்டார்கள். தர மறுத்தால் பெல்ட் கழற்றியபடியே இருக்கட்டும்.

நகையை மீட்கப் போகும்போது அடகுச் சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டு, கடையிலேயே நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். ஆச்சியையும், அதாவது உங்கள் மனைவியையும், கூட்டிக்கொண்டு போங்கள். எந்த உருப்படி எது என்று அவருக்குத்தான் தெரியும்.