வாசகர் கேள்வி பதில்: லேப்டாப்ல இருந்தே மேடை லைட்டிங்

கேள்வி: வணக்கம் சார். நாங்க தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன நாடகக் குழு. இதுவரைக்கும் லைட் எல்லாம் வாடகைதான், போர்டுல ஒரு ஆள் உட்கார்ந்து ஃபேடரை ஏத்தி இறக்குவார். இப்ப சொந்தமா 8 எல்.ஈ.டி பார் (PAR) லைட் வாங்கிட்டோம், பழைய ஸ்பாட்டுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற நாலு சேனல் டிம்மர் பேக் 3 இருக்கு, பெரிய ஷோன்னா தானா திரும்பற மூவிங் ஹெட் லைட் 4 வாடகைக்கு எடுப்போம். லேப்டாப்ல இருந்தே எல்லாத்தையும் ஓட்டணும். எந்த சாஃப்ட்வேர் நல்லது? ஆன்லைன்ல ரொம்ப மலிவா ஒரு யூ.எஸ்.பி கேபிள் கிடைக்குதே, அது போதுமா? கிராண்ட்எம்ஏ-ங்கற லைட்டிங் சாஃப்ட்வேர் கத்துக்கோங்கன்னு ஒருத்தர் சொல்றார், இலவசமாமே?

பதில்: வணக்கம். எல்லாரும் சாஃப்ட்வேர்ல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க, நான் அதை கடைசியில வைக்கச் சொல்வேன். முதல்ல சேனலை எண்ணுங்க, ஒரு லைட்டுல வெளிச்சம், நிறம்னு தனித்தனியா ஓட்டற ஒவ்வொண்ணும் ஒரு சேனல். லைட்டுக்கு கட்டளை அனுப்பற முறைக்குப் பேர் டி.எம்.எக்ஸ் 512, அந்தப் பேர்லயே கணக்கு இருக்கு, ஒரு லைன்ல 512 சேனல், அதைத்தான் ஒரு யுனிவர்ஸ்னு சொல்றது. 1986-ல அமெரிக்காவுல யு.எஸ்.ஐ.டி.டி-ங்கற மேடைத் தொழில்நுட்ப அமைப்பு கொண்டு வந்தது, இன்னிக்கும் அதுதான் ஓடுது. உங்க பார் 7 சேனல் மோடுன்னா எட்டுக்கும் 56, மூவிங் ஹெட் ஒண்ணு 16 சேனல்னு வச்சா நாலுக்கு 64, டிம்மர் பேக் மூணுக்கும் 12. மொத்தம் 132. ஒரே யுனிவர்ஸ்ல கால்வாசிக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ரெண்டு யுனிவர்ஸ், நாலு யுனிவர்ஸ்னு கடைக்காரர் எதைக் காட்டினாலும் இப்போதைக்கு தேவையில்ல.

அட்ரஸை, அதாவது ஒவ்வொரு லைட்டும் எந்த சேனல்ல ஆரம்பிக்குதுங்கற நம்பரை, இன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதி ஒவ்வொரு லைட்டு பின்னாடியும் ஒட்டிடுங்க. பார் எட்டுக்கும் 1, 8, 15, 22, 29, 36, 43, 50. மூவிங் ஹெட்டுக்கு 101, 117, 133, 149, டிம்மருக்கு 201, 205, 209. நடுவுல விட்ட இடம் நாளைக்கு இன்னும் நாலு பார் வாங்கினா உதவும், எதையும் மாத்த வேண்டியதில்ல. வாடகைக்கு வர்ற மூவிங் ஹெட் ஒவ்வொரு தடவையும் வேற மாடலா வரும், அதனால அது என்ன மாடல், எத்தனை சேனல் மோடுன்னு ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க, ஷோ அன்னிக்கு சாயந்திரம் மேடையில நின்னுக்கிட்டு மேனுவல் தேடற வேலை வேண்டாம்.

இப்ப அந்த மலிவு கேபிள் விஷயம். பணத்தை இங்கதான் போடணும்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றேன். லேப்டாப்பை லைட் லைனோட இணைக்கற யூ.எஸ்.பி டி.எம்.எக்ஸ் இன்டர்ஃபேஸ்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு என்டெக் கம்பெனியோட ஓப்பன் டி.எம்.எக்ஸ் மாதிரி, உள்ள வெறும் யூ.எஸ்.பி சீரியல் சிப் மட்டும், சிக்னலோட நேரக்கணக்கை முழுக்க உங்க லேப்டாப்தான் பார்த்துக்கணும். மலிவா வர்றதுல பெரும்பாலும் இந்த ஜாதிதான். ஒரு முழு யுனிவர்ஸ் வினாடிக்கு சுமார் 44 தடவை வரைக்கும் திரும்பத் திரும்ப லைன்ல போகும், லேப்டாப் வேற வேலையில மாட்டிக்கிச்சுன்னா, உதாரணத்துக்கு ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஆரம்பிச்சிடுச்சுன்னா, அந்த ஓட்டம் தடுமாறும். பார் லைட்ல உங்களுக்கு அது தெரியாமக்கூட போகலாம், ஆனா மூவிங் ஹெட் மெதுவா திரும்பற சீன்ல வெட்டி வெட்டி நகரும், சில லைட்டு மினுக்கும். இன்னொரு ஜாதி அதே என்டெக்கோட டி.எம்.எக்ஸ் யூ.எஸ்.பி புரோ மாதிரி, உள்ளயே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும், லேப்டாப் ஒரு நொடி திணறினாலும் கடைசியா வந்த அளவை அதுவே விடாம அனுப்பிக்கிட்டே இருக்கும். டி.எம்.எக்ஸ்கிங் கம்பெனியோட அல்ட்ரா டி.எம்.எக்ஸ் வரிசையும் புரோ மாதிரியேதான் பேசும். வாங்கும்போது இன்னொண்ணு பாருங்க, ஐசொலேஷன் இருக்கான்னு. திறந்தவெளி மேடையில ஜெனரேட்டர் கரண்ட்ல ஒரு டிம்மர் பேக் கெட்டு லைன்ல வோல்டேஜ் ஏறிச்சுன்னா, அது நேரா லேப்டாப்புக்கு வராம தடுக்கறது அதுதான். வீட்டுல கத்துக்க மலிவு கேபிள் போதும், டிக்கெட் வித்த ஷோவுக்கு அதை நம்பாதீங்க.

சாஃப்ட்வேருக்கு வர்றேன். கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி இலவசமா இறங்கும், கத்துக்கலாம், ஸ்க்ரீன்லயே 3டி மேடை போட்டுப் பார்க்கலாம், ஆனா நிஜமான லைட்டுக்கு சிக்னல் போகணும்னா அவங்க ஹார்டுவேர் வாங்கணும், அதோட விலை உங்க குழுவுக்கு ஆகாது. இ.டி.சி-யோட இயோஸ் நோமாடும் அப்படித்தான், நாடகத்துக்குன்னே செஞ்ச அருமையான சாஃப்ட்வேர், ஆனா அவங்க விக்கற யூ.எஸ்.பி கீ செருகாம வெளியே எதுவும் போகாது. சாம்சிஸ் மேஜிக்க்யூ கொஞ்சம் தாராளம், ஆர்ட்நெட்-ங்கற நெட்வொர்க் முறை வழியா வெளியே அனுப்பும், சில வசதி மட்டும் அவங்க ஹார்டுவேர் இருந்தாத்தான் திறக்கும். உங்க குழுவுல யாராவது லைட்டிங்கையே தொழிலா எடுக்கப் போறாங்கன்னா அவங்க கிராண்ட்எம்ஏ கத்துக்கட்டும், நிச்சயம் சோறு போடும். குழுவோட வேலைக்கு நான் சொல்றது க்யூ.எல்.சி பிளஸ். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், ராஸ்பெர்ரி பைல கூட ஓடும், முக்கியமா எந்தக் கம்பெனி இன்டர்ஃபேஸோடவும் உங்களைக் கட்டிப்போடாது. சில சாஃப்ட்வேர் அவங்க டப்பாவோட மட்டும்தான் வேலை செய்யும், டப்பா கெட்டா நீங்க செஞ்சு வச்ச ஷோவும் அதோட முடங்கும்.

நாடகத்துக்கு அதுல இப்படிப் பண்ணுங்க. ஒவ்வொரு லைட் நிலையையும் ஒரு 'சீன்'னு சேமிங்க, எல்லா சீனையும் வரிசையா ஒரு சேசர்ல, அதாவது சீன் பட்டியல்ல, போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஃபேட் நேரம் குடுத்து, தானா அடுத்ததுக்குப் போகாம நிக்கற மாதிரி வச்சிடுங்க. அப்புறம் விர்ச்சுவல் கன்சோல்ல, அதாவது ஸ்க்ரீன்லயே வர்ற போர்டுல, ஒரு கியூ லிஸ்ட் (லைட் மாறற இடங்களோட பட்டியல்) போட்டு அந்த சேசரை அதுல இணைச்சு, அடுத்த கியூவுக்கு ஸ்பேஸ் பாரை குடுத்திடுங்க. நடிகர் வசனத்தை முடிக்கற இடத்துல ஸ்பேஸ் பார் ஒரு தட்டு. வசனம் அரை நிமிஷம் இழுத்தா லைட்டும் காத்திருக்கும், பாட்டு டிராக் மாதிரி நேரத்துக்கு ஓடிடாது, நாடகத்துக்கு அதுதான் வேணும். கை பழக்கம் ஃபேடர்லதான்னா கோர்க் நானோகன்ட்ரோல் 2 மாதிரி 8 ஃபேடர் உள்ள மிடி கன்ட்ரோலர் ஒண்ணு செருகிக்கோங்க, போர்டுல உட்கார்ந்தவர் அதே கையோட இதையும் ஓட்டுவார். அவரை விட்டுடாதீங்க, லேப்டாப் வந்தாலும் எந்த மூச்சுல லைட் மாறணும்னு அவருக்குத்தான் தெரியும்.

எல்.ஈ.டி-ல ஒரு தொல்லை வரும், முன்னாடியே சொல்லிடறேன். கடைசி சீன்ல மெதுவா இருட்டாகணும்னு 10 செகண்ட் ஃபேட் வைப்பீங்க, கடைசி பகுதியில வெளிச்சம் படிப்படியா குதிச்சு இறங்கி டக்குன்னு அணையும். ஒரு சேனலுக்கு 0-ல இருந்து 255 வரைக்கும் 256 படிதான், கீழ் படியில ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். பழைய பல்புல இழை சூடு ஆறற நேரம் அதை மூடி மறைச்சிடும், எல்.ஈ.டி-ல அது கிடையாது. லைட் மெனுவுல டிம்மர் கர்வ் (வெளிச்சம் ஏறி இறங்கற விதம்) இருந்தா மாத்திப் பாருங்க, இல்லன்னா அந்தக் கடைசி ஃபேடை உங்க பழைய ஸ்பாட்டுக்கே குடுங்க, முகத்துல விழற கடைசி வெளிச்சத்துக்கு அதுக்கு ஈடு இல்ல.

ஒயர்: மைக் கேபிள் கிட்டத்துல ஓடும், தூரம் போனா சண்டை போடும், டி.எம்.எக்ஸ் கேபிள்னு கேட்டே வாங்குங்க. ஒய் கேபிள் போட்டுப் பிரிக்காதீங்க, ஒண்ணுல இருந்து ஒண்ணா தொடர்ந்து போகணும், பிரிக்கணும்னா ஸ்ப்ளிட்டர். கடைசி லைட்டோட அவுட்ல ரெண்டாவது பின்னுக்கும் மூணாவது பின்னுக்கும் நடுவுல 120 ஓம் ரெசிஸ்டர் வச்ச பிளக் ஒண்ணு செருகணும், அதுக்குப் பேர் டெர்மினேட்டர், நீங்களே சால்டர் பண்ணிக்கலாம். காரணமே இல்லாம லைட் மினுக்குதுன்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது இதைத்தான்.

கேள்வி: பழைய டிம்மர் பேக்லயே எல்.ஈ.டி பாருக்கு கரண்ட் குடுக்கலாமா? ஒரு பிளக் மிச்சமாகுமே.

பதில்: குடுக்காதீங்க. உள்ள இருக்கற பவர் சப்ளை டிம்மர் வெட்டி அனுப்பற கரண்ட்டுக்கு செஞ்சதில்ல, கெட்டுப் போகும். நேரா மெயின்ஸ்.

கேள்வி: அரங்கத்துல நடந்துக்கிட்டே ஃபோன்ல ஃபோகஸ் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், க்யூ.எல்.சி பிளஸ்ல வெப் வசதி இருக்கு, அதை ஆன் பண்ணி ஒரே வைஃபைல ஃபோன் பிரவுசர்ல லேப்டாப்போட ஐ.பி அட்ரஸும் 9999 போர்ட்டும் போட்டா விர்ச்சுவல் கன்சோல் வரும். ஏணியில ஒருத்தர் நிக்கறப்ப கீழ இருந்தே ஒவ்வொரு லைட்டா ஏத்திக் காட்ட ரொம்ப வசதி. ஆனா ஜனம் வந்து உட்கார்ந்ததும் ஃபோனை வச்சிடுங்க, முந்நூறு ஃபோன் இருக்கற அரங்கத்துல வைஃபையை நம்பி கியூ ஓட்டக் கூடாது. ஷோ நேரத்துல லேப்டாப் ஸ்லீப், விண்டோஸ் அப்டேட், யூ.எஸ்.பி பவர் சேவிங் மூணும் ஆஃப்ல இருக்கட்டும், பாட்டை வேற மெஷின்ல ஓட்டுங்க, ஷோ ஃபைலோட காப்பி ஒண்ணு பென் டிரைவ்ல இருக்கட்டும்.